விறகடுப்பில் புகையையும் எரிக்க ஒரு வழி

மட்டக்களப்பில் மாரி தொடங்கினால் விறகு நமத்துப்போய்க் குசினி முழுக்கப் புகைதான். அந்தப் புகையும் எரியாமல் தப்பிப்போகிற விறகுதான், ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் சூடும் அதோடு சூடான காற்றும் மேல்பக்கத்தில் கிடைத்தால் அதுவும் எரிந்துவிடும்.

அப்படி ஒரு அடுப்பை இரண்டு பேணிகளால் செய்யலாம். பெரிய பால்மாப் பேணி ஒன்றில், வாய்க்கு இரண்டு விரல் கீழே ஆணியால் சுற்றிவர ஒரு வரிசை ஓட்டை போடுங்கள், அடியிலும் சில. அதைவிட அகலமான இரும்புப் பெயின்ற் பேணிக்குள் (பூச்சை முதலில் வெளியில் வைத்து எரித்துவிடுங்கள்) அதை இறக்கி, மேல் இடைவெளியைத் தகர வளையத்தால் அடைத்து, வெளிப் பேணியின் அடிப்பக்கம் காற்றுக்கு வழி விடுங்கள். இடையில் ஏறும் காற்று சூடாகி மேல் ஓட்டைகளால் உள்ளே வரும். நாகம் (துத்தநாகம்) பூசிய வாளி மட்டும் வேண்டாம், அதன் புகை நஞ்சு.

காய்ந்த சிரட்டைத் துண்டுகளை மேல் ஓட்டைகளுக்குக் கீழே நிற்கிற அளவுக்கு நிரப்பி, மேலிருந்து பற்றவையுங்கள். சரியாக வந்தால் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் சின்னத் தீநாக்கு உள்நோக்கி நீளும், காஸ் அடுப்பு மாதிரி. நான் முதலில் ஓட்டைகளைப் பெரிதாகப் போட்டுவிட்டேன், காற்று கூடி நெருப்புக் குளிர்ந்து, முன்பைவிட மோசமாகப் புகைந்தது. பானையை வாயோடு ஒட்டி வைக்காமல் மூன்று கல்லில் கொஞ்சம் உயர்த்துங்கள். அப்புறம், கதவு யன்னல் திறந்தே இருக்கட்டும், விறகு எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைட்டுக்கு மணமே கிடையாது.