டீசல் காரின் முதல் ஸ்டார்ட்டைக் கேட்காமல் வாங்காதீர்கள்

பழைய டீசல் ஹேட்ச்பேக் பார்க்கப் போனால் நான் முதலில் பானெட்டில்தான் கை வைப்பேன். வெதுவெதுப்பாக இருந்தால், "நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். என் முதல் காரை அப்படிப் பார்க்கவில்லை. விற்றவர் அதை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார். மறுநாள் குளிரில் ஐந்தாறு தடவை சாவியைத் திருகியும் எஞ்சின் பற்றவில்லை. குளிரில் பற்ற வைக்க எஞ்சினுக்குள் சூடேற்றும் க்ளோ பிளக் நான்கில் மூன்று செத்திருந்தன.

டீசலில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டில்தான் எரிபொருள் பற்ற வேண்டும். அதனால் கம்ப்ரஷன் என்ற அந்த அழுத்தம், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், க்ளோ பிளக் எதில் குறை இருந்தாலும் குளிர்ந்த எஞ்சின்தான் அதைச் சொல்லும். சூடான எஞ்சின் மறைத்துவிடும்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து சீக்கிரம் மறைந்தால் பரவாயில்லை. சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாடையும் அடித்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் எரிகிறது. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர்) உள்ள காராக இருந்தால், எஞ்சின் சூடாவதற்கு முன்பே சைலன்சர் குழாயின் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். கரி அப்பினால் ஃபில்டர் உடைந்திருக்கலாம், அல்லது யாரோ கழற்றியே எறிந்திருக்கலாம்.

அப்புறம், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, அதே இடத்தில் சும்மா கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் சரி. துள்ளிக் கீழே விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், அந்தக் காரை விட்டுவிடுங்கள். மூடிக்கு அடியில் பால் கலந்த மாதிரி படிவம் இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறது. ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று மட்டும் பயப்படாதீர்கள். டீசலில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போல இறுகிய கறுப்பு இருந்தால் வாஷர் கசிகிறது. ஓடும் எஞ்சினில் எரிபொருள் கசிவைக் கையால் தேடவே கூடாது. இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் காமன் ரயில் குழாயில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், தோலைத் துளைத்துவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது நான்காவது கியரில் மெதுவாகப் போய், திடீரென்று ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறியும் காரின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. குறைவாகத்தான் ஓடியிருக்கிறது என்பவரின் காரில் பெடல் ரப்பர் மொட்டையாக இருந்தால், மீட்டரை நம்ப வேண்டாம்.

வாங்கிய வாரமே எஞ்சின் ஆயில், எல்லா ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில் மாற்றிவிடுங்கள். டிபிஎஃப் இருந்தால் அதற்கென்றே உள்ள, சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். வால்வையும் பிஸ்டனையும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சினுக்கே செலவு வைக்கும். தினமும் பக்கத்துக் கடைக்கு மட்டும் போய் வருபவருக்கு டிபிஎஃப் டீசல் வேண்டாம் என்பேன். அந்தக் கரி எரிய நீண்ட ஓட்டம் தேவை.

நான் விடாமல் செய்வது ஒன்று உண்டு. டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடிப்பேன். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தங்கி, நடுவே கோடு போட்ட மாதிரி பிரிந்து தெரியும். அடுத்தடுத்து அப்படி வந்தால், இன்ஜெக்டர் துருப்பிடிப்பதற்குள் டேங்கை இறக்கிச் சுத்தம் செய்துவிடுங்கள்.