பார்வையற்ற குழந்தை வளர்ப்பு: அன்பால் நேரும் தவறுகள்

பார்வையில்லாத குழந்தைக்குக் கண் தராததை நாம்தான் தர வேண்டும். அது தகவல். செருப்பு எங்கே கிடக்கிறது, கதவு திறந்திருக்கிறதா, தட்டில் என்ன இருக்கிறது என்று சொன்னால் போதும், மற்றதைக் குழந்தை பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஒரு வார்த்தையும் சொல்லாமல் செருப்பை எடுத்து வந்து காலில் மாட்டிவிடுகிறோம். தகவலும் கிடைக்காமல் வேலையும் கற்காமல் குழந்தை வளர்கிறது.

இது கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடும். அழாமல் மல்லாந்து படுத்திருந்தால் ‘சமர்த்து’ என்று விட்டுவிடுகிறோம். பார்வையுள்ள குழந்தை நாலைந்து மாதத்தில் கண்ணில் பட்டதை எட்டிப் பிடிக்கும். ஒலியை மட்டும் வைத்து, அங்கே ஒரு பொருள் இருக்கிறது என்று உணர்ந்து கை நீட்டுவது பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டித்தான் வரும். அதனால் கிலுகிலுப்பையைத் தூரத்தில் ஆட்டிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. முதலில் கையில் கொடுங்கள், ஆட்டட்டும். பிறகு விரல் நுனிக்குப் பக்கத்திலேயே ஒலிக்க வையுங்கள். எட்டிப் பிடிக்கத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வையுங்கள். குரல் கேட்டதும் குழந்தை அசையாமல் உறைந்துபோனால் ஆர்வமில்லை என்று நினைத்து விலகாதீர்கள். காது கொடுத்துக் கேட்கும்போது பல பார்வையற்ற குழந்தைகள் அப்படித்தான் இருப்பார்கள்.

குப்புறப் போட்டால் வீறிடுவதும் உண்டு. தலையைத் தூக்கினால் பார்க்க எதுவும் இல்லையே, ஏன் தூக்க வேண்டும்? அழுகைக்குப் பயந்து குப்புறப் போடுவதையே நிறுத்திவிட்டால் கழுத்தும் தோளும் வலுப்பெறாது, தவழ்வது தள்ளிப்போகும். உங்கள் மார்பின் மேல் குப்புறப் படுக்க வைத்துப் பேசுங்கள், பாடுங்கள். ஒரு நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளில் பல முறை செய்தால் போதும்.

பொம்மைகளைத் திறந்த தரையில் பரப்புவதும் வேண்டாம். உருண்டு போன பந்து இந்தக் குழந்தைக்கு இல்லாமலே போய்விடுகிறது. விளிம்புள்ள பெரிய தட்டிலோ ஆழமில்லாத பெட்டியிலோ போட்டால் தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை வரும். பின்னணியில் டிவியோ ரேடியோவோ ஓடிக்கொண்டே இருக்க வேண்டாம். காலடி ஓசை, குழாய்ச் சத்தம், கதவின் கிரீச் ஒலி ஆகியவைதான் குழந்தைக்கு வீட்டின் வரைபடம். டிவி அதை அழித்துவிடும்.

கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். புதிய பொருளைக் காட்டுவதற்காகக் குழந்தையின் கையைப் பற்றி அதன் மேல் வைக்கிறோம். குழந்தைக்கு அது, யாரோ நம் முகத்தைத் திருப்பிப் பிடித்து ‘இதைப் பார்’ என்பது போன்றது. சில முறை ஈரமானதும் பிசுபிசுப்பானதும் திடீரென்று கையில் பட்டால், குழந்தை விரல்களை மடக்கிக்கொள்ளும், எதையும் தொட மறுக்கும். தொட மறுக்கும் கை பின்னாளில் பிரெய்லையும் (விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து) மறுக்கும். முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் கையைப் பொருளின் மேல் வையுங்கள். குழந்தையின் கை உங்கள் கையின் மேல் சாய்ந்திருக்கட்டும். உங்கள் விரல்கள் செய்வதை அது உணர்ந்து, தானே கீழே இறங்கித் தொடும். விருப்பமில்லை என்றால் விலகிக்கொள்ளவும் முடியும். வேலை ஏதும் சொல்லிக்கொடுக்கும்போது எதிரே உட்காராமல் பின்னால் உட்காருங்கள். அப்போது உங்கள் கை அசையும் திசையும் குழந்தையின் கை அசையும் திசையும் ஒன்றாக இருக்கும்.

உடுத்தப் பழக்குவதை முதல் படியிலிருந்து தொடங்குவதால்தான் பாதியில் நின்றுபோகிறது. கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். டிரவுசரை நீங்களே மாட்டி இடுப்பெலும்பு வரை ஏற்றிவிடுங்கள். அங்கிருந்து இடுப்புக்கு இழுத்துக்கொள்வது மட்டும் குழந்தையின் வேலை. அது கைவந்ததும் தொடையிலிருந்து, பிறகு முழங்காலிலிருந்து, பிறகு கணுக்காலிலிருந்து. காலை நுழைப்பது அதற்கும் பின்னால். ஒவ்வொரு முறையும் முடித்தது குழந்தையாக இருப்பதால் சலிப்பு வராது. பின்பக்கத்தை அடையாளம் காண இடுப்புப் பட்டையின் உட்புறம் ஒரு சின்னப் பொத்தானைத் தைத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் பெரிய தவறு, தொண்டையில் சிக்கிக்கொள்ளுமோ என்ற பயத்தில் பத்து மாதம் தாண்டியும் மசித்ததையே கொடுப்பது. மெல்லும் பழக்கம் தள்ளிப்போகப் போக, கட்டியான உணவை ஏற்க வைப்பது கடினமாகும். வாயருகே ஸ்பூன் வருவதைச் சொல்லாமல் ஊட்டுவது இன்னொன்று. உணவைத் தொட்டு, முகர்ந்து பார்க்க விடுங்கள்; சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். செங்குத்தான விளிம்புள்ள கிண்ணத்தை ஈரத்துணியின் மேல் வைத்தால் நகராது. ஸ்பூனும் விளிம்பில் முட்டி நிரம்பும். தண்ணீர் ஊற்றப் பழக்க, பாதி நிரம்பிய சிறிய ஜக் போதும். டம்ளரின் விளிம்பில் ஒரு விரலை உள்ளே மடக்கி வைத்து, ஜக்கின் வாயை அதே விளிம்பில் பொருத்தி ஊற்ற வேண்டும். தண்ணீர் விரலைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். சூடானவை வேண்டாம்.

பேச்சைப் பற்றியும் ஒன்று. ‘அங்கே இருக்கு’, ‘இதோ பார்’ என்பவை இந்தக் குழந்தைக்கு வெறும் ஓசை. ‘உன் வலது முழங்காலுக்குப் பக்கத்தில்’ என்றால் கை நேராகப் போகும். ‘பார்’ என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டியதில்லை. கையால் பார்ப்பதும் பார்ப்பதுதான். பழத்தை எப்போதும் நறுக்கியே கொடுத்தால், அதற்குத் தோலும் காம்பும் உண்டு என்பதே தெரியாமல் போகும். முழுப்பழத்தைத் தடவ விட்டு, உரிக்க வைத்து, பிறகு நறுக்குங்கள்.

‘பெரியவனானதும் கோல் வாங்கலாம்’ என்பார்கள். நடக்கத் தொடங்கியதுமே வெள்ளைக் கோலைக் கையில் கொடுக்கலாம். உயரம் நெஞ்செலும்புக்குக் குறையக் கூடாது; மோவாய் வரை வந்தாலும் சரி. வளரும் பிள்ளை என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து பாருங்கள். இரண்டு வயதில் முறையாக வீசி நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கண்டதையெல்லாம் தட்டிப் பார்க்கும், இழுத்துக்கொண்டு போகும். அதுவும் பாடம்தான், மற்றவர் மேல் படாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கூட்டிப் போகும்போது நீங்கள் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தால் குழந்தை இழுபடும் மூட்டையாகிவிடும். குழந்தை உங்கள் இரண்டு விரலையோ மணிக்கட்டையோ பிடிக்கட்டும், நீங்கள் அரை எட்டு முன்னால் நடங்கள். நீங்கள் படி இறங்குவது உங்கள் கை வழியாகவே தெரிந்துவிடும். வீட்டில் சுவரைத் தடவி நடக்கும்போது கை இடுப்பு உயரத்தில், உடலுக்குச் சற்று முன்னால், விரல்களின் பின்புறம் சுவரில் படும்படி இருக்க வேண்டும். விரல் நுனி முன்னால் போனால் கதவுச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும்.

பாதி திறந்த கதவு ஆபத்தானது. முழுக்கத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் முழுக்க மூடுங்கள். நாற்காலியை நகர்த்தலாம், நகர்த்தியதைச் சொல்லிவிட வேண்டும்.

கண்ணை விரலால் அழுத்தும் பழக்கம், குறிப்பாக விழித்திரைக் கோளாறுள்ள குழந்தைகளிடம், அதிகம். காலப்போக்கில் கண் உள்வாங்கிப்போகும், கருவிழியும் பாதிக்கப்படலாம். ஆகவே கண்டுகொள்ளாமல் விடக் கூடாது, கையில் அடிக்கவும் கூடாது. சும்மா இருக்கும்போதும் களைத்திருக்கும்போதும்தான் இது கூடும். கைக்கு வேலை கொடுங்கள், கண் மருத்துவரிடமும் சொல்லுங்கள். கொஞ்சம் பார்வை மிச்சமிருந்தால் அதையே நம்பி பிரெய்லைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே பழக்கலாம்.

வெளியாட்கள் ‘இவனுக்குத் தண்ணி வேணுமா?’ என்று உங்களைக் கேட்பார்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். ‘அவன்கிட்டயே கேளுங்க’ என்று சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழெட்டுக்குள் பதில் வந்துவிடும்.