மலிவு விலை மசில் பிரேக்: சறுக்கும் இடங்கள்

ரைஃபிள் குழலின் முனையில் மாட்டும் மசில் பிரேக் அமெரிக்காவில் 30, 40 டாலருக்கே கிடைக்கிறது. விலை குறைவு என்பதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. குண்டோடு பீறிட்டு வரும் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பித் தோளில் விழும் உதையைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. அதை மலிவான பிரேக்கும் செய்துவிடும். வம்பு வருவது பொருத்தத்தில்தான்.

மரை ஏறிவிட்டால் சரி என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. .223 அளவுக் குண்டு சுடும் ரைஃபிள்களில் பெரும்பாலும் 1/2-28 மரை (அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று) இருக்கும். 9 மி.மீ. கார்பைன்கள் (குட்டை ரைஃபிள்கள்) பலவற்றிலும் அதே மரைதான். .223க்கான பிரேக்கை 9 மி.மீ. குழலில் திருகினால் அழகாக ஏறி உட்காரும். ஆனால் .223 குண்டின் விட்டம் 0.224 அங்குலம், 9 மி.மீ. குண்டுடையது 0.355. முதல் வேட்டிலேயே பிரேக் சிதறும், குழலும் போகலாம். தலைகீழாக நடந்தால் பயமில்லை: 6.5 கிரீட்மோர், .308 என்ற இரண்டு குண்டளவுகளிலும் 5/8-24 மரை வழக்கம்; 6.5 குண்டுதான் சிறியது. .308 பிரேக்கை 6.5இல் மாட்டினால் உதை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், வேறொன்றும் ஆகாது. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், குண்டு வெளியேறும் துளையைக் காலிப்பர் என்ற அளவுக்கருவியால் அளந்துவிடுங்கள். குண்டைவிடச் சுமார் 0.02 அங்குலம் பெரிதாக இருப்பது வழக்கமான அளவு.

பிரேக் விரலாலேயே திருகி ஏற வேண்டும். இரண்டு சுற்றில் இறுகினால் ரென்ச்சை எடுக்காதீர்கள், மரை வேறாக இருக்கும். ஏகே-47 வகைத் துப்பாக்கிகள் பலவற்றில் இடப்புற மரை, அதாவது எதிர்த்திசையில் திருக வேண்டியது. ஐரோப்பிய ரைஃபிள்கள் சிலவற்றில் மில்லிமீட்டர் மரை. மரையே இல்லாத குழலில் கையால் டை (மரை வெட்டும் கருவி) போட்டு மரை வெட்டுவது வேண்டாத வேலை. அது குழலின் துளைக்கு நேராக அமையாது. லேத் வைத்திருக்கும் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி வேலை செய்பவரிடம்) கொடுங்கள், பிரேக்கைவிடக் கூலி அதிகமானாலும் பரவாயில்லை.

பக்கத் துளைகள் இருபுறமும் சமமாக நிற்கும்படி இறுக்க, நசுங்கும் வாஷர் கூடவே வரும். அது ஒருமுறைக்குத்தான். சரியான இடத்தைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பிச் சமாளிக்கக் கூடாது, புது வாஷர் போடுங்கள். இறுக்கும்போது குழலைத்தான் வைஸில் பிடிக்க வேண்டும். ஏஆர்-15 ரைஃபிளின் அலுமினிய மேல்பாகத்தைப் பிடித்துத் திருகினால் அது முறுக்கிக்கொள்ளும்.

அப்புறம், பலர் விட்டுவிடும் சோதனை. துப்பாக்கி காலி என்று உறுதி செய்துகொண்டு, அந்தக் குழலுக்கேற்ற நேர்க்கம்பியை உள்ளே விட்டு முனையில் பாருங்கள். மலிவு பிரேக்குகளில் துளை மையம் விலகியிருக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம். கம்பி ஒரு பக்கம் உரசினால் அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அரத்தால் ராவிச் சரிசெய்யும் யோசனையே வேண்டாம்.

காதை மறந்துவிடுகிறார்கள். திடீர் வெடியோசைக்கு 140 டெசிபெல்தான் எல்லை என்கிறார்கள். ரைஃபிள் பிரேக் இல்லாமலே அதைத் தாண்டும். பிரேக் அந்தச் சத்தத்தைச் சுடுபவர் பக்கமும் ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) அடுத்த மேசைக்காரர் பக்கமும் திருப்பிவிடுகிறது. காதடைப்பான், அதன்மேல் காதுக்கவசம், இரண்டும் வேண்டும்.

வாங்குமுன் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். கழற்றும் மேகசின் கொண்ட செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் மசில் பிரேக்கை நியூயார்க் தடைசெய்கிறது. கலிபோர்னியாவின் கண் தீப்பிழம்பை மறைக்கும் கருவிமேல். பிரேக் என்று விற்கப்படும் சில மலிவுச் சரக்குகள் அந்த வேலையையும் சேர்த்தே செய்கின்றன. கூட்டாட்சிச் சட்டப்படி ரைஃபிள் குழல் குறைந்தது 16 அங்குலம் இருக்க வேண்டும். திருகி மாட்டிய பிரேக் அந்தக் கணக்கில் வராது. உலோக ஊசி (pin) அடித்து வெல்டிங் செய்ததுபோல் நிரந்தரமாகப் பொருத்தினால்தான் வரும்.

மாட்டிய பிறகு குண்டு விழும் இடம் சற்று நகர்ந்திருக்கும். வேட்டைக்குக் கிளம்புமுன் ரேஞ்சில் ஸ்கோப்பை மறுபடி ஜீரோ செய்துவிடுங்கள், அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்யுங்கள்.