கண்டியில் ஆற்றோரமாக நடக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கமிருந்து கண்டிக்கு வரும் நம்மவர்களில் பலர் வாவியை ஒரு சுற்றுச் சுற்றி, தலதா மாளிகைக்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து, அப்புறம் சாமான் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். மகாவலியைப் பார்த்தீர்களா என்றால், பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தோம் என்பார்கள். பெரிய தவறு இதுதான். வாவி, கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைத்தது. ஆனால் மேற்கு, வடக்கு, கிழக்கு என்று மூன்று பக்கமும் வளைந்தோடி இந்த ஊருக்கு அரணாக இருந்தது மகாவலிதான். கீழே இருந்து படையோடு ஏறி வந்தவர்கள் இந்த ஆற்றைத் தாண்டித்தான் தலைநகருக்குள் வர வேண்டியிருந்தது.

அதனால் நடையைப் பேராதனையில் தொடங்குங்கள், உங்கள் பஸ் எப்படியும் அந்த வழியாகத்தானே வருகிறது! 1821இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவை ஆறு மூன்று புறமும் சுற்றிக்கொண்டு போகிறது. ஓர்க்கிட் வீட்டையும் புல்வெளியையும் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து உட்கார்ந்துவிடாமல், கரையோரப் பாதையைப் பிடித்து ஒரு முழுச் சுற்று வாருங்கள். அக்கரையில் தெரிவது கன்னொறுவ. 1638இல் இரண்டாம் ராஜசிங்கனின் படை போர்த்துக்கேயரை முறியடித்த இடம். இது தெரிந்து நடந்தால் அந்தக் கரை வேறு மாதிரித் தெரியும். வெளியே வந்து பேராதனைப் பாலத்தருகே கொஞ்சம் நில்லுங்கள், அங்கேதான் 1833இல் முதிரை மரத்தாலேயே கட்டிய ஒற்றை வளைவுப் பாலம் இருந்தது, 1905இல் கழற்றிவிட்டார்கள்.

அடுத்த தவறு, உற்சாகத்தில் பேராதனையிலிருந்து டவுன் வரை பிரதான வீதியிலேயே நடப்பது. ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர், புகையும் ஹோர்ன் சத்தமும்தான் மிச்சம். பஸ் பிடித்துக் கெட்டம்பேயில் இறங்குங்கள். தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலத் திருவிழாவின் கடைசியில், ஆற்று நீரை வாளால் வெட்டும் சடங்கு நடப்பது இந்தத் துறையில்தான். பார்த்துவிட்டு மறுபடி பஸ்.

ஆற்றில் இறங்குவதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் அமைதியாகத் தெரிகிறதே என்று பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். கண்டியில் வெயில் அடிக்கும்போதே மேலே நம் மலைகளில் மழை கொட்டிக்கொண்டிருக்கும், நீர்மட்டம் சொல்லாமல் ஏறும். மேலே கொத்மலை அணையில் வான்கதவு திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் கரைப்பக்கமே போக வேண்டாம். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்தோம்.

டவுனுக்குள் செய்யும் தவறுகள் சின்னவை. தோளும் முழங்காலும் மறையும் உடுப்பு இல்லாமல் தலதா மாளிகைக்கு வருவது, மழைக்குப் பிறகு உப்போ சவர்க்காரமோ இல்லாமல் உடவத்தகெல காட்டுக்குள் போய் அட்டைக்கடி வாங்குவது. பெரஹரா நாட்களில் வீதிகளை மூடிவிடுவார்கள், நடைக்கு வேறு நாள் பாருங்கள்.

மாளிகை வளாகத்தில் அரச மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் அங்கேதான் வாசிக்கப்பட்டது. கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்த அந்தக் கடைசி நாயக்க மன்னனை வேலூருக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள், 1832இல் அங்கேயே இறந்தான். நம் பிள்ளைகளுக்கு இதை அந்த மண்டபத்திலேயே நிறுத்திச் சொல்லுங்கள்.

நேரம்தான் எல்லாவற்றையும் கெடுக்கும். பத்து மணிக்கு மேல் தொடங்கினால் வெயில், மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடிமழை. பூங்கா திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள், வாவியைச் சுற்றுவதைக் கடைசிக்கு வையுங்கள். அதிலும் கடைத்தெருப் பக்கம் வேண்டாம், மல்வத்த விகாரைப் பக்கம் மர நிழலில் போங்கள்.