டியூடர் நாவல் படிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

இங்கிலாந்தின் அரச வம்சங்களில் நாவலாசிரியர்களை அதிகம் இழுத்தது டியூடர் வம்சம்தான். 1485 முதல் 1603 வரை அவர்கள் ஆண்டார்கள். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகள், ரோமில் இருந்த போப்போடு முறிவு, லண்டன் டவர் சிறை, வெட்டுமேடை என்று கதைக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது. அதனாலேயே நாவலில் படித்ததையும் வரலாற்றில் நடந்ததையும் பிரித்தறிய முடியாமல் போவதும் இங்கேதான் அதிகம்.

முதல் தவறு, நாவலாசிரியர் யார் பக்கம் நிற்கிறாரோ அதையே வரலாற்றின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. எட்டாம் ஹென்றியின் அமைச்சர்களான தாமஸ் மோர், தாமஸ் குரோம்வெல் இருவரையும் பாருங்கள். ராபர்ட் போல்ட் 1960இல் எழுதிய 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' நாடகத்தில் மோர் மனசாட்சிக்காக உயிரை விட்ட பெருமகன், குரோம்வெல் சூழ்ச்சிக்காரர். ஹிலாரி மேன்டலின் 'வுல்ஃப் ஹால்' (2009) இதை அப்படியே திருப்பிப் போடுகிறது. அதில் குரோம்வெல் பாசமுள்ள குடும்பத் தலைவர், கூர்மையான அறிவாளி. மோர் இரக்கமற்ற மதப்பற்றாளர். சரி, இதில் எது உண்மை? இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. மன்னரைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்து 1535இல் மோர் தலையைக் கொடுத்தார். அவரே உயர் பதவியில் இருந்தபோது மாற்று மதக் கருத்துக்காகச் சிலர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள், அதை அவர் ஆதரித்தும் எழுதினார். ஒன்றை மட்டும் படித்தவர் பாதி மனிதரைத்தான் பார்த்திருக்கிறார். இரண்டையும் படியுங்கள். அப்புறம் ஒரு நல்ல வாழ்க்கை வரலாற்றையும் எடுத்துப் படியுங்கள்.

அடுத்தது, 'இதை முதலில் சொன்னவர் யார்?' என்று கேட்காமல் விடுவது. ஹென்றியின் இரண்டாவது மனைவியும் எலிசபெத் அரசியின் தாயுமான ஆன் பொலினுக்கு ஒரு கையில் ஆறு விரல் இருந்தது என்று பலரும் நம்புகிறார்கள். நிக்கோலஸ் சாண்டர் என்பவரின் நூலிலிருந்து பரவிய கதை அது. 1536இல் ஆன் கொல்லப்பட்டபோது சாண்டர் சிறுபிள்ளை. பின்னாளில் எலிசபெத்தின் ஆட்சியை எதிர்த்து நாட்டை விட்டுப் போன கத்தோலிக்கர். அவர் நூல் அச்சானது 1585இல். அரசியின் தாயை இழிவாகக் காட்ட அவருக்குக் காரணம் இருந்தது.

யூஸ்டாஸ் ஷாப்பூயி விஷயம் இவ்வளவு எளிதல்ல. அவர் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தூதர். ஹென்றி ஒதுக்கிவைத்த முதல் மனைவி கேத்தரின், அந்தச் சார்லஸுக்குச் சித்தி. ஷாப்பூயி லண்டனிலேயே இருந்தவர் என்பதால் அவர் கடிதங்களைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆன் மீது அவருக்கு இருந்த வெறுப்பு வரிக்கு வரி தெரியும், பிறர் சொல்லக் கேட்டு எழுதியதும் நிறைய. அவர் எழுதிய ஒரு வதந்தியை நாவலாசிரியர் உரையாடலோடு ஒரு காட்சியாக்கிவிடுகிறார். நமக்கோ நேரில் பார்த்ததுபோல் மனதில் பதிந்துவிடுகிறது. இத்தனைக்கும் ஆன் பிறந்தது 1501ஆ 1507ஆ என்பதிலேயே அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

இதற்கு நேர்மாறான தவறும் இருக்கிறது: 'எல்லாமே வென்றவர்கள் கட்டிவிட்ட கதை' என்று ஒரேயடியாக ஒதுக்குவது. 1485இல் டியூடர்களிடம் தோற்ற மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் உடல் குறையை டியூடர் தரப்பின் அவதூறு என்றே பலர் நினைத்தார்கள். 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் அவர் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு வளைந்திருந்தது உண்மைதான். சூம்பிய கை என்பதற்குத்தான் அடையாளமே இல்லை.

நூலின் கடைசியில் வரும் ஆசிரியர் குறிப்பைப் படிக்காமல் மூடிவிடாதீர்கள். எதை மாற்றினேன், எதைக் கற்பனை செய்தேன் என்று நல்ல ஆசிரியர்கள் அங்கே சொல்லிவிடுவார்கள். எலிசபெத்தும் ஸ்காட்லாந்து அரசி மேரியும் நேருக்கு நேர் நின்று பேசும் காட்சி திரையில் திரும்பத் திரும்ப வருகிறது. மேரி 18 ஆண்டுகளுக்கு மேல் இங்கிலாந்தில் காவலில் இருந்தும் இருவரும் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை.

பழைய ஆவணங்களைப் பார்ப்பவர்கள் ஆண்டுக்கணக்கைக் கவனிக்க வேண்டும். 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. அதனால் பிப்ரவரித் தேதிகளில் நம் கணக்கோடு ஓராண்டு இடிக்கும்.

அரண்மனையில் நடந்ததெல்லாம் ஊரிலும் நடந்தது என்று நினைப்பதும் தவறு. இளவரசிகளுக்குச் சிறுவயதிலேயே திருமணம் பேசினார்கள். சாதாரணப் பெண்களோ பிறர் வீடுகளில் வேலை செய்து கொஞ்சம் காசு சேர்த்து, இருபதுகளின் நடுவில்தான் பெரும்பாலும் மணந்தார்கள். தேவாலயப் பதிவேடுகளை வைத்து ஆய்வாளர்கள் கண்டது இது. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538இல் ஆணையிட்டவர் அதே குரோம்வெல்தான். அவரை வெட்டுமேடைக் கதைகளில் மட்டும் அறிந்தவர்களுக்கு இதையும் சொல்லத் தோன்றுகிறது.

நம் வாசகர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையையும் கலெக்டர்களையும் மனதில் வைத்துக்கொண்டு, எலிசபெத்தின் இங்கிலாந்தையும் ஒரு பேரரசாகவே படித்துவிடுகிறோம். 1558இல் கலே துறைமுகம் கைவிட்டுப் போனபோது பிரான்ஸ் மண்ணில் அதற்கு மிச்சம் இருந்த கடைசிப் பிடியும் போயிற்று. 1588இல் ஸ்பானியக் கப்பற்படைக்கு அந்த நாடு நடுங்கியது நிஜமான நடுக்கம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் உரிமைப் பட்டயம் கொடுத்தது 1600 டிசம்பர் 31 அன்று. அதற்குப் பின்னும், முதலாம் ஜேம்ஸின் தூதராக 1615இல் வந்த தாமஸ் ரோ, ஜஹாங்கீரின் அவையோடு சுமார் மூன்று ஆண்டுகள் அலைந்தார். அவர் கேட்ட வணிக ஒப்பந்தம் கடைசிவரை கிடைக்கவில்லை.