ரோலண்ட் கதையைச் சொல்வது எப்படி

எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்களின் பழைய வீரப்பாடலான ரோலண்ட் கதையைச் சொல்லப் போகிறீர்களா? போரில் தொடங்காதீர்கள். துரோகியிடமிருந்து தொடங்குங்கள்.

முதலில் உறவுமுறை. பிராங்கியப் பேரரசர் சார்லமேன், கதையின் நாயகன் ரோலண்டுக்குத் தாய்மாமன். ரோலண்டின் அம்மாவை மறுமணம் செய்துகொண்டவன் கனலோன்; துரோகி இவன்தான். நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். எதிரியான மார்சீலிடம், ஸ்பெயினின் சரகோசாவை ஆளும் முஸ்லிம் அரசனிடம், யாரைத் தூது அனுப்புவது என்று சபை கூடுகிறது. முன்பு போன இரண்டு தூதர்களின் தலையை வெட்டியவன் அவன். ரோலண்ட் தானே போவதாகச் சொல்லியும் மாமன் விடவில்லை. "அப்படியானால் கனலோன் போகட்டும்" என்கிறான் ரோலண்ட். கனலோன் கொதித்துப் போகிறான். அதைப் பார்த்து ரோலண்ட் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை விட்டுவிடாதீர்கள். தூதுக்கு அடையாளமாக அரசர் நீட்டும் கையுறை கனலோன் கையிலிருந்து நழுவி விழுகிறது. நான் நிஜமாகவே ஒரு பழைய கையுறையைத் தரையில் போடுவேன்.

ரோலண்டைக் காட்டிக்கொடுக்க மார்சீலோடு கனலோன் பேரம் பேசுவதை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடலாம். திரும்பி வந்ததும், நாடு திரும்பும் படையின் கடைசியில் வரும் பின்படைக்குத் தலைமை தாங்க ரோலண்டின் பெயரைச் சொல்கிறான். பழிக்குப் பழி!

அப்புறம் பிரனீஸ் மலையிலுள்ள ரான்செவோ கணவாய். 20,000 பேர் கொண்ட பின்படையை எதிரிகள் சூழ்கிறார்கள். கொம்பு ஊதி அரசரை அழைக்கச் சொல்லி ரோலண்டின் நண்பன் ஆலிவர் மூன்று முறை கேட்கிறான். குலத்துக்கு இழுக்கு என்று ரோலண்ட் மறுக்கிறான். மூன்றையும் ஒரே குரலில் சொல்லாதீர்கள். மூன்றாவதில் ஆலிவருக்குக் கோபம் ஏறட்டும். பெரும்பாலோர் மடிந்த பிறகு ரோலண்டே ஊதலாமா என்று கேட்கும்போது, "இப்போது ஊதுவதுதான் அவமானம்" என்று ஆலிவர் தடுக்கிறான். பேராயர் டர்பின் குறுக்கிட்டு, ஊதினால் நாம் பிழைக்க மாட்டோம், ஆனால் அரசர் வந்து பழிவாங்குவார், நம்மைப் புதைப்பார் என்கிறார். ரோலண்ட் ஊதிய வேகத்தில் நெற்றிப்பொட்டு வெடிக்கிறது.

இங்கே ஒரு சிரிப்பும் உண்டு. தொலைவில் சத்தம் கேட்டு அரசர் பதற, "ஒரு முயலுக்காகக்கூட அவன் நாள் முழுக்க ஊதுவான்" என்கிறான் கனலோன். உடனே அவனைப் பிடித்துச் சமையற்காரர்களிடம் ஒப்படைக்கிறார்கள். அவர்கள் தாடியைப் பிடுங்கி மொத்துகிறார்கள். பிள்ளைகள் இதைத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள்.

கனலோனின் விசாரணைக்கு நேரம் மிச்சம் வையுங்கள். "ரோலண்டை வெளிப்படையாகவே பகைத்தேன், பழிவாங்கினேன், அரசருக்குத் துரோகம் செய்யவில்லை" என்பது கனலோனின் வாதம். நீதிபதிகளே அவனை விட்டுவிடத்தான் பார்க்கிறார்கள். அங்கே நிறுத்தி, அவன் குற்றவாளியா இல்லையா என்று பிள்ளைகளைக் கை தூக்கச் சொல்லுங்கள். ஒல்லியான தியெரி ஒருவன்தான் எதிர்த்து நின்று, கனலோனுக்காகச் சண்டையிடும் பினாபெலை வெல்கிறான். கனலோனை நான்கு குதிரைகளில் கட்டி இழுத்த தண்டனையைச் சிறு பிள்ளைகளிடம் நான் விவரிப்பதில்லை.

கடைசியில் வரலாற்றையும் சொல்லிவிடுங்கள். 778இல் அந்தப் பின்படையைத் தாக்கியவர்கள் முஸ்லிம்கள் அல்லர், அந்த மலைப்பகுதியில் வாழ்ந்த பாஸ்க் மக்கள். பாடல் உருவானது 1100 வாக்கில், சிலுவைப்போர்க் காலத்தில். எதிரி மாறியதற்கு அதில் காரணம் இருக்கிறது. பெரிய பிள்ளைகள் இதைத்தான் அதிகம் கேட்பார்கள், பத்து நிமிடமாவது ஒதுக்கி வையுங்கள்.