கழன்று வந்த முனை: கார்பன் ஷாஃப்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டி நடக்கும்போது மாணவர்களின் பந்தயக் கார்களைப் பார்க்கப் போவது என் வழக்கம். சக்கரத்தைச் சுழற்றும் எஃகு ஷாஃப்டை எடுத்துவிட்டுக் கார்பன் ஃபைபர் குழாயை மாட்டிய கார் ஒன்றாவது கண்ணில் படும். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், கார்பன் இழையும் எபாக்ஸிப் பிசினும் சேர்ந்த குழாயினுடையது சுமார் 1.6. ஆசை வருவது இயல்புதான். ஆனால் குனிந்து பார்த்தால், மாணவனாக இருந்தபோது நான் செய்த அதே பிழைகள். ரெசின் என்ற பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரையும் அளவு தவறிக் கலப்பது போன்றவற்றை ஒருமுறை பட்டால் அவர்களே திருத்திக்கொள்வார்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

கடையில் வாங்கிய குழாய்

மலிவாகக் கிடைக்கும் கார்பன் குழாய்களில் பல, இழைகளை நீளவாக்கில் மட்டும் வைத்து இழுத்தவை. வளைத்தால் அசையாது, முறுக்கினால் மூங்கில்போல நெடுகப் பிளக்கும். முறுக்கைத் தாங்க இழைகள் அச்சுக்கு 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும், அதுவும் இரு பக்கமும் சமமாக. ஒரே பக்கச் சாய்வில் சுற்றிய குழாய், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது தாங்கும். காலை எடுத்ததும் முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்புமே, அப்போது கைவிடும்.

துடைக்காத முனை

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் காருக்கு இரண்டு இரவுகள் கண்விழித்துக் குழாய் சுற்றினோம். அதன் இரு முனைகளிலும் செருக அலுமினியத் துண்டுகளை லேத்தில் கடைந்தோம். கையில் அகப்பட்ட பனியன் வேஸ்டால் துடைத்து, எபாக்ஸிப் பசை தடவிச் செருகினோம். மூன்றாம் நாள் ஓட்டத்தில் கிளட்சை விட்டால் எஞ்சின் அலறுகிறது, கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கழற்றிப் பார்த்தோம். குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. அலுமினியத் துண்டு மட்டும் அப்போதுதான் லேத்திலிருந்து எடுத்ததுபோலப் பளபளவென்று வந்தது. பசை முழுவதும் குழாய்க்குள்ளேயே இருந்தது. லேத் உளியின் மெல்லிய வரிகள் அதன்மேல் கைரேகைபோலப் பதிந்திருந்தன. பசை தானே கிழிந்திருந்தால் உலோகத்திலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். எங்கள் பசை உலோகத்தைப் பிடிக்கவே இல்லை. அந்தப் பனியன் வேஸ்ட், லேத்தின் எண்ணெயைத் துடைத்துவிட்டு யாரோ போட்டது.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. முறுக்கு 500 நியூட்டன் மீட்டர், ஆரம் 15 மில்லிமீட்டர், ஒட்டும் நீளம் 40. பசைக்கு வரும் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் விழும் விசை, சுமார் 9 மெகாபாஸ்கல். பசை தாங்கும் என்று அதன் விவரத்தாளில் போட்டிருந்தது 28. மூன்று மடங்கு இருக்கிறதே என்று முதுகில் தட்டிக்கொண்டோம்! அந்த 28 சுத்தமான பரப்புக்கு உரியது. 9 என்பதோ வெறும் சராசரி. சுமை ஒட்டின் இரு ஓரங்களிலும் குவியும், நடுப்பகுதி சும்மா இருக்கும். ஆகவே நீளத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயன் குறைவு. ஆரத்தை 20 ஆக்கினால் சராசரி 5 மெகாபாஸ்கலுக்கு இறங்கிவிடும்.

முறை இதுதான்: புதிய வெள்ளைத் துணியில் அசிட்டோன், பிறகு உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் தேய்ப்பு, மறுபடி வேறு துணியில் அசிட்டோன். அடுத்து நல்ல தண்ணீர் தெளியுங்கள். படலமாகப் பரவினால் சரி. தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டால் முதலிலிருந்து தொடங்குங்கள். காய்ந்ததும் தாமதிக்காமல் ஒட்டிவிடுங்கள். குழாயின் உட்புறத்துக்கும் இதே கவனிப்பு வேண்டும். இழையைச் சுற்றிக் குழாயாக்கிய அச்சு உருளையிலிருந்து கழல்வதற்கென்றே பூசிய மெழுகு அங்கே இருக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு பையன் தன் ஷாஃப்டைக் காட்டினான். ஒட்டின்மேல் நான்கு துளைகள், நான்கு போல்டுகள். "பாதுகாப்புக்கு, சார்." எனக்கு வந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை. பசை விறைப்பானது, அது பிடித்திருக்கும்வரை போல்டுக்குச் சுமையே போகாது. பசை விட்ட பிறகு, துளைபோட்டு அறுத்த இழைகளின்மேல் முழுச் சுமையும் விழும். காப்பாற்ற வந்த போல்டே குழாயைக் கிழிக்கும்.

இறுக்கமான செருகல்

இறுக்கமாகப் பொருந்தினால் நல்லது என்று நினைப்பார்கள். செருகும்போதே பசை முழுவதும் வழித்து வெளியே வந்துவிடும். சுற்றிலும் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். அந்த அளவுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகளைப் பசையில் கலந்தால் துண்டு நடுவில் நிற்கும். உள்ளே அடைபடும் காற்று வெளியேற அலுமினியத் துண்டில், குழாயில் அல்ல, ஒரு சிறு துளை வேண்டும்.

கார்பனும் அலுமினியமும்

நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். நடுவே ஓர் அடுக்குக் கண்ணாடி இழை.

தூசி

முகக்கவசம் இல்லாமல் அறுக்காதீர்கள்.

காரிலேயே சோதிப்பது

காரில் மாட்டும் முன்பே சோதியுங்கள். ஷாஃப்டின் ஒரு முனையை அசையாமல் பிணைத்து, மறுமுனையில் 1 மீட்டர் நீளக் கம்பி பூட்டி, கம்பியின் நுனியில் 50 கிலோ தொங்கவிட்டால் ஏறக்குறைய 490 நியூட்டன் மீட்டர். அரிசி மூட்டையே போதும். 75 கிலோவரை ஏற்றுங்கள், அடியில் யாரும் நிற்க வேண்டாம். ஏற்றுவதற்கு முன்பு குழாயிலிருந்து அலுமினியம்வரை, ஒட்டின் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மூட்டையை இறக்கிய பிறகு அந்தக் கோடு முடியளவு விலகியிருந்தாலும் அதைக் காரில் மாட்டாதீர்கள்.